சைகைக்கு எட்டாதது
(குவோ பாவ் குன்னின் ‘பூனையைத் தேடும் அம்மா’ நாடகம் பற்றிய திறனாய்வு)

சிங்கப்பூரில் எழுந்த நாடகங்களுள் தமிழர் தனிக் கருத்துடன் கற்க வேண்டிய ஒன்று உண்டு. அது தமிழ் நாடகம் அன்று. சீன நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1988ஆம் ஆண்டில் மேடையேற்றிய அந்நாடகத்தின் பெயரைத் தமிழில் ‘பூனையைத் தேடும் அம்மா’ எனலாம். ஹொக்கியன், தியோச்சியு, காண்டனீஸ், மாண்டரின், ஆங்கிலம், தமிழ் ஆகியவை ஒரே மேடையில் ஒலித்த நாடகம் அது. சிங்கப்பூரின் பன்மொழி நாடகத்துக்கு அதுவே முன்னோடி என்று நாடக வரலாறு எழுதுவோர் குறிப்பர்.

கதை மிகச் சிறியது. வயது முதிர்ந்த தாய் ஒருத்தி. அவள் பேசும் மொழி ஹொக்கியன். பிள்ளைகள் சிறுவராய் இருந்தபோது அவளோடு ஒட்டி வளர்ந்தனர். வளர்ந்தபின் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் பேசுகின்றனர். தாய்க்கும் மக்களுக்கும் இடையே பேச்சு அற்றுப்போகிறது. அவளுக்கு எஞ்சிய துணை ஒரு பூனை. ஒருநாள் அதுவும் காணாமற்போகிறது. அதனைத் தேடித் தாய் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். வழியில் இந்திய முதியவர் ஒருவரைக் காண்கிறாள். அவர் பேசுவது தமிழ். அவரும் தம் பூனையைத் தேடி அலைகிறார். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. எனினும் கையாலும் முகத்தாலும் குரலாலும் இருவரும் ஒருவரையொருவர் உணர்ந்துகொள்கின்றனர்.

இக்காட்சியே நாடகத்தின் நெஞ்சம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு வழக்கமாகக் கூறப்படும் பொருளே ஆராயத்தக்கது. மனம் ஒன்றினால் மொழி வேண்டா, அன்பே பொதுமொழி என்பது அப்பொருள். கேட்பதற்கு இனிய கருத்து. பள்ளி ஆண்டுவிழாவில் கைதட்டல் பெறும் கருத்து. ஆயினும் நாடகத்தை ஊன்றி நோக்குவார்க்கு அது கூறுவது இதற்கு நேர்மாறானது என்பது புலனாகும். சைகை எதனைச் சுமக்கும், எதனைச் சுமக்காது என்று அளந்து காட்டும் அளவுகோலாகவே அக்காட்சி அமைந்திருக்கிறது. இதனை உணராவிடில் நாடகத்தின் துயரம் ஓர் ஆறுதல் கதையாகச் சுருங்கிவிடும்.

கிளைமொழியா, மொழியா?

இந்நாடகத்தை அணுகும் தமிழர்க்கு முதற்கண் தடையாக நிற்பது ஒரு சொல். ஹொக்கியன், தியோச்சியு, காண்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் ஆகியவற்றைச் சீனக் ‘கிளைமொழிகள்’ என்று கூறுவது சிங்கப்பூர், மலேசிய வழக்கு. தமிழ் படித்தவர் இச்சொல்லைக் கேட்டதும் தொல்காப்பியம் கூறும் திசைச்சொல்லை நினைப்பர். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் சொற்களை அந்நூல் திசைச்சொல் என்றது. நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் இவ்வாறு வேறுபட்டவையே. நெல்லைத் தாய் பேசுவது சென்னையில் வளர்ந்த மகனுக்குச் சிரிப்பூட்டலாம், விளங்காமற் போகாது.

அந்த அளவைக் கொண்டு சீனக் ‘கிளைமொழி’களை அளப்பது தவறு. பத்து என்னும் எண்ணை மாண்டரின் பேசுவோர் ‘ஷி’ என்பர். காண்டனீஸ் பேசுவோர் ‘சப்’ என்பர். ஹொக்கியன் பேசுவோர் ‘சாப்’ என்பர். ஆறு என்பது முறையே ‘லியு’, ‘லுக்’, ‘லாக்’ என வரும். சொல்லின் ஈற்றில் வல்லின மெய் நிற்கும் பழைய ஒலியமைப்பைத் தென்சீன மொழிகள் காத்துவந்தன. மாண்டரின் அதனை இழந்துவிட்டது. சொல்லின் இசையேற்ற இறக்கமே பொருளை மாற்றும் இம்மொழிகளில், மாண்டரினுக்கு நான்கு இசைகள். காண்டனீஸுக்கு ஆறு என்பர். எழுத்து ஒன்றாக இருப்பதனால் மூவரும் ஒரே நூலைப் படிக்கலாம். வாய் திறந்து படித்தால் ஒருவர் படிப்பது மற்றவர்க்கு விளங்காது. ஹொக்கியனும் தியோச்சியுவும் தம்முள் நெருங்கியவை. ஹொக்கியனும் மாண்டரினுமோ தமிழும் தெலுங்கும் போல ஓரினத்தவையாயினும் ஒன்றை அறிந்தவர்க்கு மற்றொன்று தானே விளங்குவதில்லை.

எனவே, நாடகத்துத் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் இடையே உள்ள தொலைவு ஊர்ப்பேச்சுக்கும் பள்ளிப்பேச்சுக்கும் உள்ள தொலைவு அன்று. ஒரு வீட்டின் கூடத்தில் ஒரு மொழியும் அடுக்களையில் வேறொரு மொழியும் வழங்கும் தொலைவு அது. ‘கிளைமொழி’ என்னும் சொல்லை அப்படியே கொண்டு படிப்பவர்க்கு, இவ்வளவு சிறிய வேறுபாட்டுக்கு இவ்வளவு பெரிய துயரமா என்று தோன்றும். துயரம் பெரிதாக இல்லை. சொல்தான் சிறிதாக இருக்கிறது.

ஒரு தலைமுறையின் மாற்றம்

இத்துயரம் கற்பனையில் பிறந்ததன்று. 1957ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் மக்களுள் நூற்றுக்கு 30 பேர் ஹொக்கியனைத் தாய்மொழியாகக் கூறினர். தியோச்சியு 17 விழுக்காடு. காண்டனீஸ் 15 விழுக்காடு. தமிழ் 5 விழுக்காடு. மாண்டரினைத் தாய்மொழி எனக் கூறியவர் ஆயிரத்துக்கு ஒருவரே. அன்றைய அங்காடிகளில் இனம் கடந்து வழங்கியவை கடைத்தெரு மலாயும் ஹொக்கியனும் ஆகும். கடைத்தெரு மலாயில் ‘நான்’ என்பதற்கு வழங்கிய ‘குவா’, ‘நீ’ என்பதற்கு வழங்கிய ‘லு’ ஆகியவையே ஹொக்கியனிலிருந்து வந்த சொற்கள்தாம்.

1979ஆம் ஆண்டு செப்டம்பரில் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அதற்குக் காரணங்கள் இருந்தன. பள்ளியில் ஆங்கிலமும் மாண்டரினும் கற்கும் மாணவன் வீட்டில் மூன்றாம் மொழி ஒன்றைப் பேசுகிறான். இருமொழிக் கல்வி அவனுக்குப் பெருஞ்சுமையாகிறது என்று அரசு கருதியது. பல மொழி பேசும் சீனர் தமக்குள் உறவாட ஒரு பொதுமொழி வேண்டும் என்றும் கருதியது. இக்காரணங்களை எள்ளி நகையாடுதல் எளிது. திறனாய்வுக்கு அது முறையன்று. காரணம் நேரிதாக இருக்கலாம்; விலை யார் கொடுத்தது என்பதே நாடகம் எழுப்பும் வினா.

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கிளைமொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக நின்றன. 1949இல் தொடங்கிய ரிடிஃபியூஷன் கம்பிவழி ஒலிபரப்பில் காண்டனீஸில் கதை சொன்ன லீ டாய் சோரும் ஹொக்கியனில் கதை சொன்ன ஓங் தோவும் கடைத்தொழிலாளர் முதல் மூதாட்டியர் வரை பலருடைய மாலைப் பொழுதை நிறைத்தவர்கள். 1980களின் தொடக்கத்தோடு அக்கதைகள் ஒலிபரப்பிலிருந்து மறைந்தன. எழுதப் படிக்கத் தெரியாத முதியோர்க்கு அதுவே நூலகம், அந்நூலகம் மூடப்பட்டது.

இம்மாற்றம் தமிழர் வாழும் இடத்தையும் தொட்டது. ‘தேக்கா’ என்று தமிழர் வழங்கும் பெயர் ஹொக்கியன் சொல்; மூங்கிற்புதரின் அடி என்பது அதன் பொருள். 1982இல் அங்கே புதிய சந்தைக் கட்டடம் எழுந்தபோது, அதே பொருளை மாண்டரின் ஒலிப்பில் ‘ஜூஜியாவ்’ என்று பெயராக்கினர். மக்கள் பேச்சில் தேக்கா என்னும் பெயரே நிலைத்தது. 2000ஆம் ஆண்டில் கட்டடத்துக்கும் அப்பெயரே மீண்டது. ஊர்ப்பெயர் ஒன்று மீண்டதைப் போல வீட்டுப்பேச்சு மீளவில்லை. 1980இல் சீனருள் நான்கில் மூன்று பங்கினர்க்கு மேல் வீட்டில் கிளைமொழி பேசினர், 2000இல் 30.7 விழுக்காடு, 2010இல் 19.2 விழுக்காடு; 2020இல் 11.8 விழுக்காடு. நாடகம் மேடையேறிய 1988, இவ்வீழ்ச்சியின் நடுவே நிற்கும் ஆண்டு. அன்று அரங்கில் அமர்ந்திருந்த சீன இளைஞர் பலர்க்குத் தாயின் கதை தம் பாட்டியின் கதையாகப் பட்டிருக்கும்.

மெய்ப்பாடும் காரணமும்

இனி, முதியவரும் தாயும் சந்திக்கும் காட்சிக்கு வருவோம். இதனை ஆராய்வதற்குத் தமிழர் கையில் நல்லதொரு கருவி உண்டு. உள்ளத்தின் நிகழ்ச்சி உடம்பின் வழியே காண்போர்க்குப் புலனாதலை மெய்ப்பாடு என்பர். நகையும் அழுகையும் அச்சமும் உவகையும் உள்ளிட்ட எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. அத்துடன் நின்றுவிடாமல், ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நந்நான்கு காரணங்களையும் வகுத்துக் காட்டுகிறது. அழுகை ஒன்றே, ஆனால் அது இழப்பினாலும் வரும், இழிவுபடுத்தப்படுவதாலும் வரும், தளர்ச்சியாலும் வரும், வறுமையாலும் வரும். கண்ணீரைக் கண்ட மாத்திரத்தில் எக்காரணத்தால் வந்த கண்ணீர் என்று துணிய இயலாது என்பது இப்பகுப்பினுள் அடங்கிய நுட்பம்.

நாடகக் காட்சியை இதனோடு பொருத்திப் பார்க்கலாம். முதியவர் தாயின் முகத்தைக் காண்கிறார். மெய்ப்பாடு அவருக்குப் புலனாகிறது. அவள் கை ஒரு சிறு விலங்கின் உருவைக் காட்டுகிறது. எதனையோ இழந்துவிட்டாள் என்பது தெரிகிறது. அதே இழப்பு அவருக்கும் நேர்ந்திருப்பதால் விரைவில் தெரிகிறது. இழப்பு என்னும் ஒரு காரணத்தை அவர் அறிந்துகொண்டார். அவளுடைய தளர்ச்சியையும் கண்டிருப்பார். ஆனால் அவளை வீட்டைவிட்டு வெளியே தள்ளிய காரணம் அவ்விரண்டும் அல்ல. தான் பெற்ற பிள்ளைகள் நடுவே ஊமையாக்கப்பட்ட இழிவே அது. அந்த இழிவைக் காட்டுவதற்கு எந்தச் சைகை உண்டு?

மொழியாசிரியர்கள் இதனை இலக்கண நோக்கிலும் காணலாம். சைகைக்கு நிகழ்காலம் உண்டு, இறந்தகாலம் அரிது. ‘பூனை இல்லை’ என்று கையால் சொல்லலாம். ‘நீ சிறுவனாக இருந்தபோது இந்தப் பாட்டைக் கேட்டால்தான் உறங்குவாய்’ என்று கையால் சொல்ல இயலாது. ‘நீ வந்திருந்தால் நான் போயிருக்கமாட்டேன்’ என்பதில் உள்ள நிபந்தனையும் எதிர்மறையும் இறந்தகாலமும் விரல்களுக்கு எட்டா. மனக்குறை, மன்னிப்பு, நினைவு, அறிவுரை ஆகிய யாவும் காலம் காட்டும் வினைச்சொற்களால் ஆனவை. ஒரு தாய் தன் பிள்ளையிடம் சொல்ல வேண்டியவற்றுள் பெரும்பகுதி இவையே.

அயலாரிடம் ஒருவர்க்கு வேண்டுவது சிறிது. ஒரு துன்பத்தை அவரும் கண்டார் என்னும் அளவு போதும். பெற்ற பிள்ளையிடம் அந்த அளவு போதாது. அதனால்தான் முதியவரோடு கைகூடிய உறவு பிள்ளைகளோடு கைகூடவில்லை. மொழி வேண்டா என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும் இக்காட்சி, எங்கே மொழி இன்றியமையாதது என்பதற்கே சான்றாகிறது. பூனை அளவான செய்தியைச் சைகை சுமந்தது. ஒரு வாழ்நாள் அளவான செய்தி தாயின் நாவிலேயே தங்கிவிட்டது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. முதியவர் தாயிடம் தமிழில் பேசுகிறார். தாய் அவரிடம் ஹொக்கியனில் பேசுகிறாள். விளங்காது என்று தெரிந்தும் ஒவ்வொருவரும் தம் மொழியைக் கைவிடவில்லை; அதற்காக நாணவும் இல்லை. தம் மொழியில் முழுமையாக வாழ்ந்த இருவர் பொறுமையோடு ஒருவரை ஒருவர் நோக்கி நிற்கின்றனர். இத்தகைய பொறுமை அவ்வீட்டில் இல்லாமற்போனதே கேடு.

அரங்கில் அமர்ந்தவர் நிலை

நாடகத்தின் திறம் கதையோடு முடிவதன்று. காண்போரையும் அது கதைக்குள் இழுத்துவிடுகிறது. மேடையில் ஒலிக்கும் அத்தனை மொழிகளையும் அறிந்தவர் அரங்கில் அரியர். ஆகவே, ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு நேரத்தில் விளங்காமல் அமர்ந்திருக்க நேர்கிறது. தாயின் நிலையைச் சிறிது நேரம் தாமும் அடைகின்றனர். முதியவர் காட்சியிலோ அரங்கமே இரண்டாகப் பிரிகிறது. தமிழர்க்கு முதியவர் பேச்சு விளங்கும், தாயின் பேச்சு விளங்காது. ஹொக்கியன் அறிந்தவர்க்கு அது மாறி நிற்கும். ஒரு மேடை, ஒரு காட்சி. ஆனால் ஒவ்வொருவர்க்கும் கிடைப்பது பாதி. பல்லினச் சமுதாயத்தைப் பற்றிய சொற்பொழிவுகள் கூறத் தயங்கும் உண்மை இது. அருகருகே வாழ்வோர் ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்தது எப்போதும் பாதியே என்பதை நாடகம் சொல்லாமற் சொல்லுகிறது.

இதனை எழுதியவர் ஹொக்கியன் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர் என்பதும் கருதத்தக்கது. குவோ பாவ் குன் 1939இல் வடசீனத்து ஹெபெய் மாநிலத்தில் பிறந்தார். 1949இல் சிங்கப்பூர் வந்தார். மாண்டரினின் எழுச்சியால் அவர்க்கு இழப்பில்லை. தமக்கு வசதியான மொழியின் வெற்றி பிறர் வீட்டில் என்ன செய்தது என்று பார்க்கும் நேர்மை எளிதில் வாய்ப்பதன்று. 2002இல் அவர் மறையும்வரை சிங்கப்பூர் நாடகத்துக்கு அவர் அளித்த கொடைகளுள் இந்நேர்மை தலையாயது.

முதியவரின் வீடு

நாடகத்தில் குறை இல்லாமல் இல்லை. தாயின் வீட்டைக் காட்டும் அளவுக்கு அது முதியவரின் வீட்டைக் காட்டவில்லை. தாயின் துயரத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடியாக அவர் வருகிறார். அவர் பூனை எதற்குத் துணையாய் இருந்தது? அவருடைய பேரப்பிள்ளைகள் அவரிடம் எம்மொழியில் பேசினர்? காட்சி குறுகியதாதலால் இவ்வினாக்கள் எழுந்த இடத்திலேயே நிற்கின்றன. தமிழ் அங்கே ஒலித்ததே பெருமை என்று மகிழ்ந்து அமைவது தமிழ்த் திறனாய்வுக்குப் போதாது. முதியவரின் வீட்டுக்குள் சென்று பார்க்கும் கடமை தமிழர்க்கே உரியது.

ஹொக்கியனுக்கு இல்லாத காப்புகள் தமிழுக்கு உண்டு. தமிழ் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று, பள்ளியில் பாடம், வானொலி, தொலைக்காட்சி, நாளிதழ் யாவும் உண்டு. எனினும் 2010ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளருள் வீட்டில் பெரிதும் தமிழ் பேசியவர் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. கிளைமொழிகளின் இடத்தைப் பிடித்த மாண்டரினும் தப்பவில்லை. சீனர் வீடுகளில் அது 47.7 விழுக்காட்டிலிருந்து 40.2 விழுக்காடாகக் குறைந்து, ஆங்கிலத்துக்கு முதலிடம் கொடுத்தது. காப்பில்லாத மொழி விரைவில் தேய்ந்தது. காப்புள்ள மொழிகளும் தேய்கின்றன. சட்டமும் பாடத்திட்டமும் ஒரு மொழிக்கு இடம் தரும். அம்மொழியில் பேரனிடம் பேச வேண்டியவர் பாட்டியே.

இதனால் நாடகம் கிளைமொழிகளைப் பற்றிய பழங்கதையாகிவிடவில்லை. 2016இல் முதியோரைக் கருதி ஹொக்கியனில் தொலைக்காட்சித் தொடர் ஒன்று ஒளிபரப்பாயிற்று. நாடகம் அரங்கேறி 28 ஆண்டுகள் கழிந்தபின்னும், அவர்கள் மொழியிற் சொன்னாலன்றிச் சில செய்திகள் முதியோரைச் சென்றடையா என்பதை அது காட்டியது. தாய் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள் என்பதே அதன் பொருள்.

உயர்நிலை வகுப்புகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்காட்சியை ஒரு பயிற்சியாக்கலாம். இரு மாணவர் பேசாமல் சைகையால் ‘என் பூனையைக் காணவில்லை’ என்று உணர்த்தட்டும். அது எளிதில் முடியும். அடுத்து, அம்முதியவர் தம் பேரனிடம் சொல்ல விரும்பியிருக்கக்கூடிய ஒன்றை மாணவர் ஒவ்வொருவரும் தமிழில் எழுதட்டும். எழுதியதைச் சைகையாக்க முயலட்டும். எந்த வாக்கியத்தில் கைகள் நின்றுவிடுகின்றனவோ, அந்த வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துச்சென்று பெரியவர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லச் செய்தல் வேண்டும். பாடம் அங்கேதான் தொடங்கும்.